பதினைந்து ஆம்பியர்

இருபத்தொன்பது வருடம் அணு ஆராய்ச்சி மையத்தில் கருவிகளைப் பழுதுபார்த்தே தலை நரைத்த ஒரு மனிதரின் காரிலிருந்து ஒரு ஃப்யூஸைப் பிடுங்கி ஒளித்துவிட்டு, "கார் ரிப்பேர்" என்று சொல்லி அவரை நம்பவைத்துவிடலாம் என்று அவர் பெற்ற பிள்ளையே நினைத்தான். ரொம்பப் படித்தவர்களுக்குத்தான் இப்படி யோசனை வரும். பிள்ளை ஹரிகிருஷ்ணன் சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்தான். மாருதி 800 காரில் எந்த ஃப்யூஸை எடுத்தால் வண்டி கிளம்பாது என்று இண்டர்நெட்டில் தேடிப் பிடித்து, 2003ஆம் வருடம் காணும் பொங்கலன்று காரியத்தை முடித்துவிட்டு, அம்மாவிடம் சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டு, மத்தியானப் பஸ்ஸில் சென்னைக்குப் போய்விட்டான்.

மறுநாள் காலையில் அப்பா ஜானகிராமன் காரில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். ஸ்டார்ட்டர் சுற்றியது, இன்ஜின் பிடிக்கவில்லை. சாவியை ஒரு படி பின்னால் கொண்டுவந்து முன்னால் இருந்த மீட்டரைப் பார்த்தார். ஆயில் விளக்கும் பேட்டரி விளக்கும் எரியவேண்டிய நேரம், இரண்டும் எரியவில்லை. ஸ்டார்ட்டர் சுற்றுகிறதென்றால் பேட்டரி நன்றாக இருக்கிறது. விளக்கும் இல்லை, ஸ்பார்க்கும் இல்லை என்றால் இரண்டுக்கும் பொதுவான ஃப்யூஸில்தான் கோளாறு. இதைக் கண்டுபிடிக்க அவருக்கு ஒரு வாய் காபி குடிக்கிற நேரம்தான் ஆனது. குனிந்து ஸ்டீயரிங்குக்குக் கீழே இருந்த பெட்டியின் மூடியைத் திறந்தார். ஃப்யூஸ் எரிந்துபோயிருந்தால் உள்ளே கம்பி அறுந்து அது அங்கேயே உட்கார்ந்திருக்கும். இங்கே இடமே காலி. நீல நிறத்தில், பதினைந்து ஆம்பியர் என்று நெற்றியில் எழுதிக்கொண்டு பத்து வருடமாக இருந்தது, பல் விழுந்த மாதிரி காணாமல் போயிருந்தது.

அவர் வண்டியை விட்டு இறங்குவதற்குள் சகுந்தலா வாசற்படிக்கு வந்து, "என்னங்க, ஸ்டார்ட் ஆகலையா?" என்று கேட்டுவிட்டாள். அவர் ஒரு வார்த்தைகூடச் சொல்லியிருக்கவில்லை. கல்யாணமாகி முப்பத்தாறு வருடத்தில் அவள் அவரிடம் உருப்படியாக ஒரு பொய் சொன்னதில்லை, பழக்கமும் இல்லை. "அப்ப ரிப்பேர்தான் போல. மெக்கானிக் சாலமோன்கிட்ட சொல்லிப் பாக்கலாம்" என்று பாடம் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி சொல்லிவிட்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள்.

ஜானகிராமன் மூடியைச் சாத்தினார். "ஆமா, ரிப்பேர்தான்" என்று காலியாக இருந்த வாசலைப் பார்த்துச் சொன்னார்.

அவர் அங்கேயே சத்தம் போட்டிருக்கலாம். கோபம் வராத மனிதரும் அல்ல. வேலையில் இருந்த காலத்தில், அளவு தவறிய ஃப்யூஸைப் போட்டுச் சமாளித்த ஒரு ஜூனியரை நாலு பேர் முன்னால் வாங்கு வாங்கென்று வாங்கி அழவிட்டவர். அன்றைக்கு ஏன் வாயை மூடிக்கொண்டார் என்பதற்கு அந்தக் காரைப் பற்றியும் அவருடைய கண்ணைப் பற்றியும் தெரியவேண்டும்.

கார் முதலில். மன்னார்குடிப் பக்கத்திலிருந்து முப்பத்தோரு வயதில் கல்பாக்கத்துக்கு வேலைக்கு வந்தவர் ஜானகிராமன். குவார்ட்டர்ஸ், ஆபீஸ், குவார்ட்டர்ஸ். ஆபீசுக்குள் போனால் ஜன்னல் இல்லாத அறை, சட்டையில் அடையாள அட்டை, ஒவ்வொரு கதவிலும் கையெழுத்து. வருடம் பூராவும் வெளிச்சமென்றால் ட்யூப்லைட்தான். ஐம்பத்துமூன்று வயதில், 1993இல், பி.எஃப். பணத்திலிருந்து எடுத்து வெள்ளை மாருதி ஒன்று வாங்கினார். வாங்கிய அன்று மத்தியானமே சகுந்தலாவை ஏற்றிக்கொண்டு மதுராந்தகம் ஏரியில் தண்ணீர் வழிகிற கலங்கல் வரைக்கும் போனார். கண்ணாடிகளை முழுக்க இறக்கிவிட்டு, யாரிடமும் அனுமதி கேட்காமல், எந்தக் கதவிலும் கையெழுத்துப் போடாமல். ஏரியைப் பார்த்துக்கொண்டு நின்றபோது அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. காற்று என்று சொல்லித் துடைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமை திருக்கழுக்குன்றம், லீவு நாளில் முட்டுக்காடு, பிள்ளை வருகிற அன்று செங்கல்பட்டு ஸ்டேஷன் என்று ஆகிவிட்டது. ரிட்டயரான பிறகு புதுப்பட்டினத்தில் வீடு கட்டிக்கொண்டபோது, வரவேற்பறையைச் சின்னதாக்கி காருக்குக் கூரை போட்டவர் அவர்.

கடலோரத்தில் கார் வைத்துக்கொள்வது லேசான காரியம் இல்லை. ராத்திரியெல்லாம் அடிக்கிற காற்றில் உப்பு வந்து படியும். காலையில் விரலால் தடவி நாக்கில் வைத்தால் கரிக்கும். அந்தத் தெருவில் கார் வைத்திருந்த மற்றவர்கள் காலையில் ஒரு காய்ந்த துணியை எடுத்துப் பரபரவென்று துடைப்பார்கள். ஜானகிராமனுக்கு அதைப் பார்த்தாலே வயிறு எரியும். உப்பும் மணலும் படிந்த தகரத்தில் காய்ந்த துணியை ஓட்டுவதும் உப்புத்தாளைப் போட்டுத் தேய்ப்பதும் ஒன்றுதான். அவர் முதலில் தண்ணீரை ஊற்றுவார், கையே வைக்கமாட்டார். மேல்கூரையில் ஆரம்பித்துக் கீழே இறங்குவார். சக்கரத்துக்கு ஒரு துணி, பெயிண்டுக்கு ஒரு துணி, இரண்டும் ஒரு வாளியில் விழக்கூடாது. போர்வெல் தண்ணீர் உப்பாக இருக்கும் என்பதால் கடைசி இரண்டு வாளி மட்டும் குடிக்கிற நல்ல தண்ணீர். அதில்தான் சகுந்தலாவுக்கும் அவருக்கும் வாரத்தில் ஒருநாள் சண்டை. கதவுக்கு அடியில் தண்ணீர் வடிகிற ஓட்டைகளை ஈர்க்குச்சியால் குத்திவிடுவார். அது அடைத்துக்கொண்டால் கதவு உள்ளிருந்தே துருப்பிடிக்கும் என்று கேட்டவரிடமும் கேட்காதவரிடமும் சொல்லுவார். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, வெயில் படாத நேரமாகப் பார்த்து, மெழுகு பாலிஷைச் சின்னச் சின்ன வட்டமாகத் தேய்த்து, பழைய வேட்டித் துணியால் வழித்தெடுப்பார். பத்து வருடத்துக் கார் அது. பம்பருக்குப் பக்கத்தில் குனிந்தால் முகம் பார்த்துச் சவரம் செய்துகொள்ளலாம்.

இனி கண். 2002 தீபாவளிக்கு முன்னால் வீட்டு கேட் தூணில் காரின் இடது பக்கத்தைக் கொண்டுபோய் உரசினார். தூணைக் கட்டிய கொத்தனாரைத் திட்டினார். அடுத்த மாதம் ஈ.சி.ஆர் கடற்கரைச் சாலையில் இளநீர் வண்டி ஒன்றை இடித்துக் காய்களை உருட்டிவிட்டார். வண்டிக்காரன் திடுதிப்பென்று குறுக்கே வந்தான் என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த சகுந்தலாவுக்கு அவன் அரை மணி நேரமாக அங்கேதான் நின்றுகொண்டிருந்தான் என்பது தெரியும். ஹரி வந்து அவரைச் செங்கல்பட்டில் ஒரு கண் டாக்டரிடம் கூட்டிப்போனான். அங்கே ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டு, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பட்டனை அமுக்கச் சொன்னார்கள். அமுக்கினார். வந்த காகிதத்தில் இடது பக்கம் முழுக்கக் கறுப்பாக இருந்தது.

கண்ணுக்குள் அழுத்தம் ஏறி இடது கண்ணின் ஓரப் பார்வை போய்விட்டது, போனது திரும்பாது, மருந்து விட்டால் மிச்சத்தைக் காப்பாற்றலாம், வண்டி ஓட்டக்கூடாது என்றார் டாக்டர். ஜானகிராமன் அந்தக் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இந்த மெஷினைக் கடைசியா எப்போ கேலிபரேட் பண்ணினீங்க?" என்று கேட்டார். டாக்டர் சிரித்துவிட்டார். இவர் சிரிக்கவில்லை. இருபத்தொன்பது வருடம் தவறான அளவு காட்டுகிற கருவிகளோடு மல்லுக்கட்டியவர். காட்டுகிற அளவு பிடிக்கவில்லை என்றால் கருவியைச் சந்தேகப்படுவது அவருக்குப் பிழைப்பாகவே இருந்தது. வீட்டுக்கு வந்து சொட்டு மருந்தை வேளை தவறாமல் விட்டுக்கொண்டார், காரையும் வேளை தவறாமல் எடுத்தார். விற்றுவிடலாம் என்று ஹரி சொன்னபோது, நான் செத்த பிறகு விற்றுக்கொள் என்றார். பாவம், பிள்ளைக்கும் வேறு வழி தெரியவில்லை. ஃப்யூஸில் கை வைத்தான்.

அதனால்தான் அந்தக் காலையில் ஜானகிராமன் வாயைத் திறக்கவில்லை. ஃப்யூஸ் எங்கே என்று சகுந்தலாவிடம் கேட்டால், அவள் இவர் கண்ணைப் பற்றிப் பேசுவாள். கார் ரிப்பேர் என்று இருக்கிறவரைக்கும் கண்ணில் ரிப்பேர் இல்லை. அவர்கள் பூட்டிய பூட்டு அவருக்கும் சௌகரியமாக இருந்தது. அந்தச் சௌகரியம்தான் அடுத்த ஏழு மாதம் அவர் கழுத்தைப் பிடித்து நெரித்தது.

முதல் வாரம் வேடிக்கையாகக்கூட இருந்தது. மெக்கானிக் சாலமோனின் ஷெட்டுக்கு நடந்தே போனார். ஹரி அவனிடமும் சொல்லி வைத்திருக்கிறான் என்பது அவன் முழியிலேயே தெரிந்தது. "பார்ட்டு வரணும் சார். மெட்ராஸ்ல சொல்லிகீறேன்" என்றான். எந்தப் பார்ட் என்று கேட்டார். இக்னிஷன் காயில் என்றான். பத்து நாள் கழித்துப் போய்க் கேட்டார், டிஸ்ட்ரிபியூட்டர் என்றான். மூன்றாம் தடவை அவன் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே, இந்தத் தடவை என்ன, பெட்ரோல் பம்பா என்று இவரே எடுத்துக்கொடுத்தார். சாலமோன் தலையைச் சொறிந்துகொண்டு, "வுடு சார், ஒரு டீ சாப்புடு" என்றான். அவனுக்கும் இவருக்கும் எல்லாம் தெரியும், இரண்டு பேரும் டீயைக் குடித்தார்கள்.

இன்னொரு நாள் சகுந்தலா பஜனைக்குப் போயிருந்தபோது, மோருக்குப் போடலாம் என்று பெருங்காய டப்பாவைத் திறந்தார். பொடிக்குள்ளே நீலமாக ஏதோ தலையை நீட்டிக்கொண்டு இருந்தது. அவர் அடுப்படிப் பக்கமே வராதவர் என்ற தைரியத்தில் அங்கே வைத்திருக்கிறாள். எடுத்து, ஊதி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கம்பி முழுசாக இருந்தது. மறுபடியும் பொடிக்குள் புதைத்து மூடிவிட்டு, பெருங்காயம் போடாமலே மோரைக் குடித்தார்.

அந்த ஃப்யூஸ்கூட அவருக்குத் தேவையில்லை. வைப்பருக்கு இருந்ததும் அதே நீலம், அதே பதினைந்து ஆம்பியர். அதைப் பிடுங்கிக் காலியிடத்தில் சொருகினால் கார் கிளம்பிவிடும். அரை நிமிட வேலை. சாவி அவர் சட்டைப்பையில், கதவு அவர் கையெட்டும் தூரத்தில். திறந்துகொண்டு போகத் தெரிந்தவனைப் பூட்டி வைப்பதைப்போல ஒரு கொடுமை உலகத்தில் இல்லை. போனால், சகுந்தலா பொய் சொன்னாள் என்பது வெளியே வரும், அவள் ஏன் சொன்னாள் என்பதும் கூடவே வரும்.

ஆகவே தினமும் கழுவினார். ஓடாத காரை, முன்னைவிட அதிகமாக. ஓடாவிட்டாலும் உப்பு படியத்தானே செய்யும் என்று காரணம் சொல்லிக்கொண்டார். டயர் ஒரே இடத்தில் நசுங்காமல் இருக்க வாரம் ஒருமுறை தோளைக் கொடுத்து ஒரு அடி முன்னால் தள்ளுவார், அடுத்த வாரம் ஒரு அடி பின்னால். பேட்டரியைக் கழற்றிச் சார்ஜரில் போடுவார். சித்திரை வெயிலில் உள்ளே உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டு, கியரை மாற்றி மாற்றிப் பார்ப்பார். தெருவில் போகிறவர்கள் பார்த்துவிட்டுச் சிரித்தார்கள். கீரை விற்கிற லோகநாயகி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து கேட்டில் நிற்கும்போதெல்லாம், "ஓடாத காருக்கு இன்னா சார் இம்மாங் குளிப்பாட்டு?" என்பாள். அவர் அடுத்த வாளியை எடுத்து ஊற்றுவார். வெள்ளிக்கிழமைகளில் சகுந்தலா பக்கத்து வீட்டுப் பெண்களோடு பஸ்ஸில் திருக்கழுக்குன்றம் போனாள். அவரைக் கூப்பிடுவாள், அவர் வரவில்லை என்பார். பஸ்ஸில் ஏறினால் தோற்றுவிட்டதாக அர்த்தம் என்று நினைத்தார். மதுராந்தகம் ஏரியை அவர் பார்த்து ஒரு வருடம் ஆகிவிட்டது. வீடு, ஷெட், வீடு. வேலையில் இருந்த காலத்திலாவது சம்பளம் கொடுத்து அடைத்து வைத்தார்கள்.

ஆகஸ்டு மாதம் ஹரி போன் செய்தான். அவனுடைய ஆபீஸ் நண்பர் ஒருவர் கார் ஓட்டிப் பழகுவதற்குப் பழைய வண்டி தேடுகிறாராம், ஞாயிற்றுக்கிழமை வந்து பார்ப்பாராம். ரிப்பேர் வண்டிதானே அப்பா, சும்மா நின்னு துருப்பிடிக்கிறதுக்குக் குடுத்துடலாமே என்றான். அவர்கள் சொன்ன பொய்யை வைத்தே அவரை மடக்கினான். ரிப்பேர் இல்லை என்று சொல்ல அவரால் முடியவில்லை, சொன்னால் ஏழு மாத நடிப்பும் கூடவே அவிழும். பார்க்கலாம் என்று சொல்லிப் போனை வைத்தார்.

அது புதன்கிழமை. இரண்டு நாள் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. ஒரே ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டால் போதும், டாக்டருடைய மெஷின் பொய் சொல்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். கண் சரியாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமை வருகிறவனை வந்த வழியே அனுப்பிவிடலாம். இதுதான் அவர் போட்ட கணக்கு.

வெள்ளிக்கிழமை, ஆடியின் கடைசி வெள்ளி. காலையில் ஒன்பது மணிக்கு சகுந்தலா மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள். அவள் தெருமுனை திரும்பியதும் ஜானகிராமன் குனிந்து வைப்பர் ஃப்யூஸைப் பிடுங்கிக் காலியிடத்தில் சொருகினார். விளக்குகள் எரிந்தன. இரண்டாம் திருப்பலிலேயே இன்ஜின் பிடித்தது. ஏழு மாதமாக வாய் பேசாத பிள்ளை அப்பா என்று கூப்பிட்ட மாதிரி இருந்தது அவருக்கு.

பஜார் வழியாக ஈ.சி.ஆர் வந்து, சதுரங்கப்பட்டினம் வரைக்கும் போனார். கண்ணாடியை இறக்கிவிட்டார். கடல் காற்று முகத்தில் அடித்தது. மூன்றாம் கியர், நான்காம் கியர், எல்லாம் கை தானாகப் போட்டது. அங்கே இருக்கிற பழைய டச்சுக் கோட்டைக்குப் பக்கத்தில் நிறுத்தி ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தார். யாரும் குறுக்கே வரவில்லை, எதிலும் உரசவில்லை. அந்த டாக்டருக்கு ஒரு கடிதம் எழுதவேண்டும், மெஷினைச் சரிபார்க்கச் சொல்லி விவரமாக எழுதவேண்டும் என்று யோசித்துக்கொண்டே திரும்பினார். பத்தேகாலுக்கெல்லாம் வண்டி கூரைக்குக் கீழே பழைய இடத்தில் நின்றது. இவ்வளவு சந்தோஷமாக அவர் வாளியில் தண்ணீர் பிடித்து ரொம்ப நாள் ஆகியிருந்தது.

மேல்கூரையில் ஊற்றினார். வலது பக்கம் முடித்தார். முன்னால் சுற்றிக்கொண்டு இடது பக்கம் வந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

முன் சக்கரத்துக்கு மேலே, நேற்று மெழுகு போட்ட இடத்தில், கறுப்பாக ஒரு கோடு கதவு வரைக்கும் ஓடியிருந்தது. பக்கத்தில் பச்சையாக ஓர் இழுப்பு. கதவுக் கைப்பிடியில் ஒரு தண்டு சிக்கிக்கொண்டு இருந்தது. அந்தக் காரின் உடம்பில் எந்தப் புள்ளி எந்த வருடம் வந்தது என்று அவருக்குத் தெரியும். இது காலையில் இல்லை. கறுப்பைச் சுரண்டிப் பார்த்தார், ரப்பர். சைக்கிள் கைப்பிடியில் போடுகிற உறை. பச்சையைத் தொட்டு மோந்து பார்த்தார். சிறுகீரை.

எதிலோ உரசியிருக்கிறார். யாரையோ இடித்திருக்கிறார். எங்கே என்று தெரியவில்லை, எப்போது என்று தெரியவில்லை. ஒரு சத்தம்கூட அவர் காதில் விழவில்லை, ஒரு நிழல்கூடக் கண்ணில் படவில்லை. டாக்டர் கொடுத்த காகிதத்தில் கறுப்பாக இருந்த இடத்தில்தான் அந்த ஆள் நின்றிருக்கவேண்டும். வாளியை அப்படியே போட்டுவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, வந்த வழியே ஓட்டமும் நடையுமாகப் போனார். இடது பக்கம் பார்ப்பதற்குத் தலையை முழுக்கத் திருப்பித் திருப்பி நடந்தார். யாராவது விழுந்து கிடக்கிறார்களா, எங்கேயாவது கூட்டம் நிற்கிறதா என்று பார்த்தார்.

பஜார் முனையில் சாலமோனின் ஷெட்டுக்கு முன்னால் லோகநாயகி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். முழங்கையில் தோல் வழன்று ரத்தம் கசிந்திருந்தது. சேலையெல்லாம் மண். கீரைக்கட்டுகள் மிதிபட்டுத் தரையில் கிடந்தன. கோணிப்போன சைக்கிள் ஹேண்டிலைச் சாலமோன் முழங்காலுக்கு நடுவில் கொடுத்து நிமிர்த்திக்கொண்டு இருந்தான்.

என்னம்மா ஆச்சு என்று கேட்டார்.

"இடிச்சிட்டு நிக்காமகூடப் பூட்டான் சார், பேமானி. வெள்ள மாருதி. நான் ஓரமாத்தான் தள்ளிகினு வந்தேன். திரும்பிகூடப் பாக்கல. அவன் கண்ணு இன்னா பொடனிலயா கீது?" என்றாள் லோகநாயகி. ஆத்திரம் தாங்காமல் அழுகையும் வந்தது அவளுக்கு. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அப்டியே உன் வூட்டு வண்டி மாதிரிதான் இருந்துச்சு. உன்னுதுதான் ஓடாதே" என்றாள்.

சாலமோன் ஹேண்டிலை விட்டுவிட்டு நிமிர்ந்து ஜானகிராமனைப் பார்த்தான். அவர் சட்டை முன்பக்கம் நனைந்திருந்ததைப் பார்த்தான், மூச்சு வாங்குவதைப் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது. லோகநாயகியைப் பார்க்காமல் இவரைப் பார்த்தே, "ஆமா, சார் வண்டி ஓடாது. பார்ட்டு இன்னும் வரல" என்றான் மெதுவாக.

வீட்டில் செய்த பொய் தெருமுனை வரைக்கும் வந்து அவரைக் காப்பாற்றக் கையை நீட்டிக்கொண்டு நின்றது. தலையை ஆட்டினால் போதும். யாரும் சந்தேகப்படமாட்டார்கள். ஏழு மாதமாக அந்தக் கார் அசையவில்லை என்பதற்குத் தெருவே சாட்சி. ஜானகிராமன் தரையில் கிடந்த கீரையைப் பார்த்தார். இந்த மனுஷி அவர் வாசலுக்குத் தினமும் வருகிறவள். பகல் வெளிச்சத்தில், ஒரு சைக்கிளோடு, பத்துக் கட்டுக் கீரையோடு நடந்து வந்தவளை அவர் பார்க்கவே இல்லை.

"ஓடிச்சு சாலமோன்" என்றார். பிறகு அவள் பக்கம் திரும்பி, "நான்தாம்மா இடிச்சேன். வேணும்னு நிக்காம போகலை. எனக்கு இடது பக்கம் கண்ணு தெரியறதில்ல" என்றார்.

அதை அவர் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. டாக்டரிடமோ பிள்ளையிடமோ பெண்டாட்டியிடமோ சொல்லாததை, மண்ணாகிப்போன சேலையோடு உட்கார்ந்திருந்த கீரைக்காரியிடம் சொன்னார். லோகநாயகி அவரைக் கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்துக்கொண்டு நின்றார், திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது. அவள் புடவைத் தலைப்பால் முழங்கையைத் துடைத்துக்கொண்டு, "கண்ணு தெரியாதவன் எதுக்கு சார் வண்டி எடுத்த? நான் செத்திருந்தா எம் புள்ளைங்களுக்கு யாரு கீறா?" என்றாள். கத்தவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறவள் போலக் கேட்டாள். பக்கத்து மருந்துக்கடைக்குக் கூட்டிப்போய் காயத்துக்குக் கட்டுப் போடவைத்தார். கீரைக்கு ஆகிறதைக் கொடுத்தபோது வேண்டாம் என்று சொல்லாமல் வாங்கிக்கொண்டாள். சைக்கிள் நிமிர்கிற வரைக்கும் அங்கேயே வெயிலில் நின்றிருந்துவிட்டுத்தான் திரும்பினார்.

வீட்டுக்கு வந்து காரைப் பாதியில் விட்டிருந்த இடத்திலிருந்து கழுவி முடித்தார். பச்சை போய்விட்டது. ரப்பர் கோட்டைத் துடைத்துப் பார்த்தார், அடியில் பெயிண்டே கீறியிருந்தது. அதற்கு மெழுகு போடவில்லை. பிறகு முன்சீட்டில் உட்கார்ந்து ஃப்யூஸ் பெட்டியைத் திறந்தார். இடம் மாற்றிச் சொருகியதை எடுத்தார். அது மட்டும் போதாது என்று அவருக்குத் தெரியும், பெட்டியில் இன்னும் இரண்டு நீலம் இருந்தன. அவற்றையும் எடுத்தார். சிவப்பும் மஞ்சளும் இருந்தன, அவற்றைத் தொடவில்லை. அளவு மாறிய ஃப்யூஸை இன்னொன்றின் இடத்தில் அவர் ஜென்மத்தில் போட்டதில்லை, இனியும் போடமாட்டார். நீலம் இல்லையென்றால் அவரைப் பொறுத்தவரை கார் பூட்டியதுதான். அடுப்படிக்குப் போய், மூன்றையும் பெருங்காய டப்பாவில் போட்டு, மூடியை அழுத்திச் சாத்தினார்.

சகுந்தலா பன்னிரண்டு மணிக்கு வந்தாள். வாசலில் விபூதியை அவர் நெற்றியில் வைத்துவிட்டு, சாம்பார் வைக்க நேரமாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனாள். அவர் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். பருப்பு வேகிற வாசனை வந்தது. புளி கொதிக்கிற வாசனை வந்தது. அப்புறம் டப்பா மூடி திறக்கிற சத்தம். அதற்குப் பிறகு கொதிக்கிற சத்தத்தைத் தவிர ஒன்றும் இல்லை.

டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டே வந்தாள். ஒன்றை ஒளித்து வைத்தவள் அதில் நான்கைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எப்பலேர்ந்து தெரியும்?" என்றாள்.

முதல் நாளிலிருந்தே என்றார். காலையில் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். லோகநாயகியின் முழங்கையைச் சொன்னார், சாலமோன் சொன்னதைச் சொன்னார், தான் சொன்னதையும் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை வருகிறவரிடம் இடது பக்கத்துக் கீறலை மறைக்கக்கூடாது என்று ஹரியிடம் சொல்லிவிடு என்றார். சகுந்தலாவுக்குக் கண் கலங்கிவிட்டது. பொய் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்கத்தான் வாயெடுத்தாள், வேறு கேள்வி வந்தது.

"முதல் நாளே தெரியும்னா, எப்ப வேணா எடுத்துக்கிட்டுப் போயிருக்கலாமே. அதை விட்டுட்டு ஏன் தினமும் நின்ன வண்டியத் தொடைச்சுக்கிட்டு இருந்தீங்க?"

"வேற எங்க போறது, சகுந்தலா?" என்றார் ஜானகிராமன்.

அடுப்பில் சாம்பார் பொங்கி வழிகிற சத்தம் கேட்டது. அவள் போகவில்லை. டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு அவருக்கு இடது பக்கம் உட்கார்ந்தாள். தலையை முழுசாகத் திருப்பினால்தான் அவளைப் பார்க்க முடியும். திருப்பிப் பார்த்தார்.